கடலுக்குப் பன்னிரண்டு நிமிடம்

வெஸ்ட்போர்ட்,
செப்டம்பர் 24, புதன்கிழமை.

மதிப்பிற்குரிய லாயிட் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அக்கா நாடின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தங்கை மார்லாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதினேழாம் தேதியிட்ட உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஏழு பத்தி, ஏழுக்கும் எண், அடியில் "நகல்: என் கோப்புக்கு" என்று ஒரு வரி. முப்பத்தொரு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான். மாடிப்படியின் உயரம் அரை அங்குலம் கூடிவிட்டது என்று ரீனோ நகரத்து வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் அனுப்பிய நோட்டீசெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். கட்டிட ஆய்வாளர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். உத்தியோகம் உங்களை விட்டபாடில்லை போலிருக்கிறது. கட்டிய மனைவி நடுச்சாலையில் காரிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அதற்கு, "கீழ்க்கண்ட விலகல்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று ஆரம்பிக்க ஒரு மனுஷனால் முடிகிறது!

போனில் கூப்பிட்டுக் கத்தியிருக்கலாம். உங்களுக்கு அது பிடிக்காது, தெரியும். பேச்சை நகல் எடுத்துக் கோப்பில் வைக்க முடியாதே.

ஏழாவது பத்தியில், அக்டோபர் நான்காம் தேதி சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வந்து மார்லாவை அழைத்துப் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உள்ளே வர மாட்டீர்களாம், அவள் வாசலில் தயாராக நிற்க வேண்டுமாம், பதினொன்று ஐம்பதுக்குள் வில்லிட்ஸ் ஊரைத் தாண்டியாக வேண்டுமாம். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதுதான் விஷயம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் என் வயிறு எரிகிறது.

ஜூன் மாதம் உங்கள் பயணத் திட்டம் தபாலில் வந்தது. ஐந்து நாள் பயணத்துக்கு நாற்பத்திரண்டு பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை. "காடு – கடற்கரை – ஒயின் நாடு" என்று தலைப்பு வேறு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள். ஊருக்குப் போகிறவன் போய்விட்டு வந்து படம் காட்டுவான். போவதற்கு முன்னாலேயே சொந்தக்காரன் கழுத்தை அறுக்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு ஒரு பக்கம் விடாமல் படித்தேன். காட்டுக்கு ஒன்றரை நாள். அதில் காரை உள்ளே விட்டு ஓட்டிப் போகும் அந்தப் பெரிய ரெட்வுட் மரத்துக்கு மட்டும் ஐம்பது நிமிடம். கண்ணாடிகளை மடக்கினால் உங்கள் காரின் அகலம் எவ்வளவு, மரத்தின் ஓட்டை எவ்வளவு, இரண்டு பக்கமும் மிச்சம் எத்தனை அங்குலம் என்று படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். இரண்டாயிரம் வருஷமாக நிற்கிற மரம். அதை அண்ணாந்து பார்க்க நேரம் ஒதுக்கவில்லை, அளந்து பார்க்க ஒதுக்கியிருக்கிறீர்கள். புகைப்படம் நேராக விழவில்லை என்று மார்லாவை மூன்று தடவை நிற்க வைத்து, மூன்று தடவை மரத்துக்குள் போய் வந்தீர்களாம். பின்னால் காரில் காத்திருந்த ஒரேகான் மாநிலத்துக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஏன் சார், மரத்தையே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மார்லா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் வாயைப் பொத்த வேண்டியதில்லை என்று சொன்னேன்.

ஒயின் நாட்டுக்கு ஒரு முழு நாள். நீங்கள் குடிப்பதில்லை. அது தப்பில்லை, எங்கள் அப்பாவும் குடித்ததில்லை. ஆனால் குடிக்காத மனுஷன் மூன்று தோட்டத்து ஒயினுக்கும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட அட்டவணை தயாரித்திருக்கிறீர்களே, அதை என்னவென்று சொல்வது? மார்லா ஒரு வாய் வைத்துப் பார்த்து, விழுங்காமல் வாளியில் துப்பிவிட்டு, "புளிப்பு", "இனிப்பு" என்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். விழுங்கினால் மலைப்பாதையில் அவளுக்குத் தலை சுற்றும் என்று அடிக்குறிப்பு. அவளுக்குத் தலை சுற்றுவது ஒயினால் இல்லை லாயிட்.

சரி, கடல். கடலைத் தேடித்தேடிப் பார்த்தேன். பக்கம் பதினொன்றில் இருந்தது. "கடல் – 12 நிமிடம் (காலணியைக் கழற்ற வேண்டாம், மணல்)." மார்லா பிறந்தது இந்தக் கடற்கரையில். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் அலைச் சத்தம். பத்து வயதில் இந்தக் குளிர் தண்ணீரில் உதடு நீலமாகும்வரை நின்று, ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தவள். அவளைக் கொண்டுபோய் ரீனோ பாலைவனத்தில் முப்பத்தொரு வருஷம் வைத்திருந்துவிட்டு, பன்னிரண்டு நிமிடம். அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது, என்னைப் பற்றி. "2.10: வெஸ்ட்போர்ட். நாடின் வீடு. கையசைப்பு மட்டும் (நிற்க வேண்டாம்)."

அதைப் படித்துவிட்டு நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். சூப் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது பத்தி. "இது முன்கூட்டியே தீட்டப்பட்ட சதி" என்கிறீர்கள். சதி செய்ய இரண்டு பேராவது பேசிக்கொள்ள வேண்டும். மார்லாவுக்கு நான் போட்ட கடிதங்களைப் பிரித்துப் படிப்பது நீங்கள். போனை எடுத்து "அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள்" என்பதும் நீங்கள். முப்பத்தொரு வருஷமாக எப்போது கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் எப்படிச் சதி பேசுவது? கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட அவள் பெயரையும் சேர்த்து நீங்களே எழுதுவீர்கள்.

ஆனால் இந்தப் பயணத்தில் அவளுக்கென்று இரண்டு வேலை கொடுத்திருந்தீர்கள். சாண்ட்விச் கட்டுவது ஒன்று. பிரதிகள் போகும் உறைகளை மூடித் தபால்தலை ஒட்டுவது ஒன்று. அந்த உறையை ஒட்டுவதற்கு முன்னால், எனக்கான பிரதியில் ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதியிருந்தாள். "அக்கா, வரட்டுமா?" அவ்வளவுதான்.

அது எந்த இடம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் சாலைத் துறைக்குப் போன் செய்து விசாரித்து எழுதிய வரி. "பகல் 1.25: மண்சரிவுப் பணி, ஒருவழிப் போக்குவரத்து. 30 நிமிடம் வரை காத்திருப்பு. எஞ்சினை அணைக்கவும். மார்லா இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம்: 4 நிமிடம்." நாற்பத்திரண்டு பக்கத்தில் அவள் தனியாகத் தன் காலில் நிற்க நீங்கள் அனுமதி கொடுத்த ஒரே இடம் அதுதான். ஒருவழியாகிப் போன அந்த இரண்டு மைலில், வரிசைக்கு முன்னால் போய் மற்ற வண்டிகளைக் கூட்டிச்செல்லும் வழிகாட்டி வண்டியை ஓட்டுகிறவள் நான் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அவசரத் தொடர்பு என்று போட்டு, "நாடின், மோட்டல் சலவைப் பிரிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். சலவை வேலையை நான் விட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தேன், நீங்களும் படித்தீர்கள், மண்டையில் ஏறவில்லை. மார்லாவின் மண்டையில் ஏறியிருக்கிறது.

நான் பதில் எழுதவில்லை. எழுதினால் உங்கள் கைக்குத்தானே வரும். என் மேஸ்திரியிடம் போய், செப்டம்பர் ஒன்பது செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதைச் சதி என்றால் சதிதான், போங்கள்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் "கடத்தல்" என்கிறீர்கள். உங்களுக்கே சரியாகத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் அப்போது குனிந்து கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்கிறேன், கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு முனையில் 'நில்' பலகையோடு நின்றவர் பெயர் ஹெக்டர். என்னோடு ஒன்பது வருஷமாக வேலை செய்கிறார். வரிசையில் முதல் கார் உங்களுடையது. வந்து நின்றதும் இறங்கிப் போய், அவர் பலகையைத் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்தீர்களாமே. ஹெக்டர் ரேடியோவில் என்னிடம், "நாடின், இங்க ஒரு பெரியவரு எனக்கு என் வேலையைக் கத்துக் குடுக்கிறாரு. பலகை அவர் தலைக்கு மேல இருந்தா போதும்ல?" என்றார். நான் எதிர்ப்பக்கத்து வண்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அது நீங்கள்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சாலையில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பு ஒன்றின் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன்.

நான் வந்து வண்டியைத் திருப்பி வரிசையின் முன்னால் நிறுத்தினேன். மார்லா சாலை ஓரத்தில் நின்றிருந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் சாண்ட்விச் பை. உங்கள் காரைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. பத்து அடி நடந்து வந்து கதவைத் திறந்து, "இந்தப் பக்கம் உட்காரலாமா அக்கா?" என்று கேட்டாள். அது ஒரு லாரி, உட்காருவதற்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. "உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சாத்தியது அவள், லாயிட். நான் கை வைக்கவில்லை.

ஹெக்டர் பலகையைத் திருப்பிவிட்டார். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "என் மனைவி, என் மனைவி" என்றீர்களாம். அவர், "முன்னாடி வண்டியில இருக்காங்க சார். நீங்க பின்னாலயே போங்க, தொலைஞ்சு போக மாட்டாங்க. உங்களுக்குப் பின்னால பதினெட்டு வண்டி நிக்குது" என்றாராம். வழிகாட்டி வண்டியை யாரும் முந்தக் கூடாது. அது விதி. விதியை மீறி உங்களுக்குப் பழக்கமில்லை. மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் இரண்டு மைல் தூரம், உங்கள் மனைவிக்குப் பின்னால், 'என் பின்னால் வரவும்' என்று எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். தெற்கு முனையில் நான் ஒதுங்கி நின்று எல்லா வண்டிகளையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள், நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் திட்டத்தில் எழுதியிருந்த என் கையசைப்பு மட்டும் அப்படியே நடந்தது, அரை மணி நேரம் முன்னதாக.

மூன்றாவது பத்தியில் நீங்கள் சொல்வது சரி. வழிகாட்டி வண்டியில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது. உங்கள் புகார் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது, ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது, நன்றி.

நான்காவது பத்தி. என் வீட்டு வாசலில் பதினெட்டு நிமிடம் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். நாங்கள் இருவரும் சாயங்காலம் ஐந்து மணிவரை அந்த இரண்டு மைலில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தோம். நீங்கள் திரும்பி வந்து தெற்கு முனை வரிசையில் நின்றிருந்தால் அரை மணியில் அவளைப் பார்த்திருக்கலாம். ஏன் வரவில்லை? உங்கள் கடிதத்தோடு பின் அடித்து அனுப்பிய காகிதத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மூன்று ஒயின் தோட்டத்து மதிப்பெண் அட்டவணை! முதல் தோட்டம், பிற்பகல் 3.40. போனீர்களா லாயிட்? பெண்டாட்டி இறங்கிப் போன அன்றைக்கே ஒயின் ருசி பார்க்கப் போனீர்களா? "சுவைப்பவர் இல்லாததால் மதிப்பெண் பூர்த்தி செய்ய இயலவில்லை" என்று மூன்றிலும் எழுதி, அந்த இழப்பை ஐந்தாவது பத்தியில் என் மேல் சுமத்தியிருக்கிறீர்கள். மிச்ச நாட்களையும் ஒன்று விடாமல் முடித்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக ரீனோ போய்ச் சேர்ந்தீர்களாம். இதை எழுத உங்களுக்குக் கூசவில்லை. படிக்க எனக்குக் கூசியது.

ஆறாவது பத்தி சாண்ட்விச்சைப் பற்றி. இரவுச் சாப்பாடு அவள் தோள்பையில் போய்விட்டது என்கிறீர்கள். உண்மைதான். நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். கடுகு அதிகம்.

இதுவரை எழுதியதெல்லாம் எனக்குச் சுலபம். உங்களைத் திட்டுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி வரும், முப்பத்தொரு வருஷப் பழக்கம். இனி எழுதப்போவது அப்படி வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்த இரண்டு மைல் தூரமும் நான் கண்ணாடியில் உங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உங்கள் முகத்தில் கோபத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்கள் கோபமாக இல்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தீர்கள். முன்னால் புரட்டினீர்கள், பின்னால் புரட்டினீர்கள். மார்லாவும் பக்கத்துக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். "பாவம் அக்கா, அவரு பக்கத்தைத் தேடுறாரு. இதுக்கு அதுல பக்கமே கிடையாது" என்றாள். எனக்கு வண்டியை நிறுத்தி அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. "திரும்பாதே, முன்னாடி பாரு" என்று அதட்டினேன். அவள் உடனே முன்னால் பார்த்தாள். அவ்வளவு சட்டென்று கீழ்ப்படிந்தாள். என் குரல் உங்கள் குரல் மாதிரி இருந்தது.

வந்த மறுநாள் காலை, கடலுக்குப் போய்விட்டு வா என்று அனுப்பினேன். போன சுருக்கில் திரும்பி வந்து நின்றாள். என்னடி ஆச்சு, குளிரா என்று கேட்டேன். இல்லை, நேரமாகிவிட்டது என்றாள். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். கையில் கடிகாரம்கூட இல்லை அவளுக்கு. நான் கொல்லைப்புறம் போய் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு எழுபது வயதாகிறது, நான் அழுது ரொம்ப நாளாகிறது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஒரு நாள் அரை மணி. ஒரு நாள், பனிமூட்டம் விலகும்வரை இருந்துவிட்டு வந்தாள். போன வெள்ளிக்கிழமை காலையில் போனவள் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் போய் மேட்டின் மேலிருந்து பார்த்தேன். செருப்பில்லாமல், பாவாடையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நின்றிருந்தாள். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். மூன்று மணிக்கு வந்து, மீனையும் உருளைக்கிழங்கையும் நின்றுகொண்டே தின்றுவிட்டு, சாயங்காலம்வரை தூங்கினாள்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அவளிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு வரும் கடிதங்களை மறைக்கிற ஆள் ஒருவர் போதும் என்று கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். "பத்தேகால்னா, பத்து மணிக்கே வந்துடுவாரு" என்றாள். அதற்கப்புறம் அவள் கடலுக்குப் போகவில்லை. நான்கு நாளாகிறது. நீங்கள் அழைத்துப்போக வரும் அன்று போடுவதற்கென்று ஒரு சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருக்கிறாள். இன்னும் பத்து நாள் இருக்கிறது. நான் கேட்டால், "ச்சும்மா மாட்டியிருக்கேன்" என்கிறாள்.

எனக்கு இது தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதம் அவள் பஸ் பிடித்து இங்கே வந்தாளே, நினைவிருக்கிறதா? ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, கையை ஓங்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நடந்து வந்து காரில் ஏறிவிட்டாள்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அதற்குள் காரில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். படியில் நின்று அவளிடம், "போறதுன்னா ஒரேயடியா போயிடு. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றேன். சொன்னால் ரோஷம் வந்து நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. யார் சொன்னாலும் கேட்டுப் பழகியவள், நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் மிதிக்கவில்லை. பென்சிலில் "வரட்டுமா?" என்று கேட்டாளே, அது உங்களுக்குப் பயந்து கேட்டதில்லை. எனக்குப் பயந்து கேட்டது. உங்களை இத்தனை பக்கம் கேவலமாக எழுதிவிட்டு இதை மறைத்தால் நானும் உங்கள் ஜாதிதான்.

ஆகையால் ஏழாவது பத்திக்கு என் பதில். சாலையில் உங்களை நிறுத்த எனக்குச் சட்டம் இருந்தது. என் வீட்டு வாசலில் அப்படி ஒன்றும் இல்லை. வழக்கு, போலீஸ் என்று மிரட்டலாம் என்று பார்த்தேன். எதைச் சொல்லி மிரட்டுவது? மனைவியை அழைக்க வருகிறீர்கள். வந்து கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி வருவாள். இப்போது எழுதும்போதே எனக்குத் தெரிகிறது.

நீங்கள் கெட்டவர் என்று இவ்வளவு நேரம் எழுதினேன். மார்லா அப்படிச் சொல்வதில்லை. நீங்கள் தனியாக இருந்தால் சாப்பிட மாட்டீர்கள் என்கிறாள். ரத்த அழுத்த மாத்திரை மேல் இழுப்பறையில் இடது பக்கம் இருக்கிறதாம். சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா திங்கட்கிழமை சூப் வைப்பாராம், கேட்டால் கொடுப்பாராம். கேளுங்கள். கேட்டுப் பழகுங்கள்.

வராதீர்கள், லாயிட். இதற்கு மேல் அலங்காரமாக எழுத எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு உங்களைப் பார்க்க வேண்டும் என்றால் அவளே வருவாள், ரீனோவுக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன், வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறேன். ஆனால் அதை அவள் கேட்க வேண்டும். இன்னும் பத்து நாளில் அவளால் கேட்க முடியாது. ஒரு மாதத்திலும் முடியாது. எவ்வளவு நாளாகும் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் உங்களிடம் தேதி சொல்ல மாட்டேன்.

நீங்கள் வந்தே தீருவீர்கள் என்றால், இந்தத் தடவை நான் சண்டை போட மாட்டேன். அவள் பையை நானே தூக்கிக்கொண்டு வந்து உங்கள் காரில் வைப்பேன். கதவைச் சாத்தும்போது, "எப்ப வேணும்னாலும் வாடி, கேக்காம வா" என்று அவளிடம் சொல்வேன். குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று காலையில் விறகுக் கொட்டகையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. அதைச் சொல்லும்படி என்னை வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள். அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
மார்லாவின் அக்கா,
நாடின்.